தலை கடைசியில் எழட்டும்!

சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். சைக்கிள் வலப்பக்கம் சாயும். பயத்தில் கைப்பிடியை இடப்பக்கம் திருப்புவோம். அடுத்த கணம் முழங்கால் தேய்ந்து தரையில் கிடப்போம். "விழுகிற பக்கமே திருப்புடா!" என்று பின்னால் ஓடி வந்த அண்ணனோ மாமாவோ கத்தியிருப்பார். விழுகிற பக்கமே திருப்பினால் இன்னும் வேகமாக விழமாட்டோமா என்று அப்போது தோன்றியிருக்கும். ஆனால் துணிந்து அப்படித் திருப்பியபோது சைக்கிள் நிமிர்ந்துகொண்டது. அன்று உங்கள் உடல் ஒரு பாடம் கற்றது. பயம் சொல்வது ஒன்று, இயற்பியல் சொல்வது வேறொன்று என்பதே அந்தப் பாடம்.

தண்ணீரிலும் இதே பாடத்தைக் கற்பிக்கும் ஒரு வாகனம் உண்டு. அதன் பெயர் கயாக். அதில் ஏறிய புதியவர் படகு சாய்ந்ததும் செய்யும் முதற் காரியம், தலையைத் தண்ணீரிலிருந்து விலக்கித் தூக்குவதுதான். கயாக் கவிழ்வதற்குப் பெரும்பாலும் அதுவே போதும்! அப்படியானால் கவிழாமலிருக்க என்ன செய்ய வேண்டும்? வாருங்கள், பார்ப்போம்.

பனிக்கடலில் பிறந்த படகு

கயாக் வடதுருவப் பகுதி மக்கள் உலகுக்குத் தந்த கொடை. முன்பு எஸ்கிமோக்கள் என்று பிறரால் அழைக்கப்பட்ட இவர்களில் கிரீன்லாந்து, கனடா பகுதிகளில் வாழ்வோர் தங்களை இனுயிட் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். கிரீன்லாந்தில் மரங்கள் அரிது. கடல் அலை கொண்டுவந்து கரையில் ஒதுக்கும் கட்டைகளே அவர்களுக்குக் கிடைத்த மரம். அவற்றைச் செதுக்கி, தோல்வாரால் கட்டி, எலும்புக்கூடு போன்ற ஒரு சட்டம் செய்வார்கள். பெண்கள் சீல் என்னும் கடல் விலங்கின் தோலைத் தண்ணீர் புகாதபடி தைத்து அதன் மேல் போர்த்துவார்கள். மேற்புறமும் மூடியிருக்கும். நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரே ஒரு துவாரம். அதில் உட்கார்ந்து, கால்களை உள்ளே நீட்டிக்கொண்டால் படகு தயார்.

நீளம் ஏறக்குறைய 5 மீட்டர். அகலமோ சுமார் 50 செ.மீ. உங்கள் வகுப்பறை மேசையைவிடக் குறுகலாக இருக்கலாம்! சீல் வேட்டைக்குச் செல்பவருக்கு ஓசையின்றி விரைந்து செல்லும் படகு தேவை. குறுகலான படகுதான் நீரைக் கத்திபோல் கிழித்துச் செல்லும். ஆனால் குறுகலான படகு எளிதில் கவிழும். உறைநிலையை ஒட்டிய குளிர் நீரில் விழுந்தவரின் கைகால்கள் சில நிமிடங்களிலேயே வலுவிழந்துவிடும். வேட்டைக்காரர்களில் பலருக்கு நீந்தவும் தெரியாது. அந்தக் குளிரில் நீச்சல் தெரிந்தும் பயன் குறைவு. ஆகவே, 'கவிழாதிருப்பது எப்படி? கவிழ்ந்தால் படகைவிட்டு வெளியேறாமலே நிமிர்வது எப்படி?' என்ற இரண்டு கேள்விகளும் அவர்களுக்கு விளையாட்டல்ல, உயிர்ப் பிரச்சினை. தந்தையிடமிருந்தும் ஊர்ப் பெரியவர்களிடமிருந்தும் சிறுவர்கள் இதைக் கற்றார்கள்.

அவர்கள் கண்ட விடையைப் புரிந்துகொள்ள, படகு ஏன் கவிழ்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

இரண்டு மையங்களின் இழுபறி

60 கி.கி. எடையுள்ள ஒருவர் 25 கி.கி. எடையுள்ள கயாக்கில் அமர்ந்திருக்கிறார் எனக் கொள்வோம். மொத்தம் 85 கி.கி. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி படகு 85 லிட்டர் நன்னீரை விலக்கி மிதக்கிறது. எடை முழுவதும் ஒரு புள்ளி வழியாகக் கீழ்நோக்கிச் செயல்படுவதாகக் கொள்ளலாம். அது ஈர்ப்பு மையம். நீர் மேல்நோக்கித் தாங்கும் விசை மற்றொரு புள்ளி வழியாகச் செயல்படுகிறது. அது மிதப்பு மையம். நீரில் மூழ்கியுள்ள பகுதியின் மையமே மிதப்பு மையம்.

படகு நேராக இருக்கும்போது இரண்டு மையங்களும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றன. ஒன்று கீழே தள்ள, மற்றொன்று மேலே தாங்க, எல்லாம் அமைதி.

இப்போது படகு வலப்பக்கம் சற்றுச் சாய்கிறது. வலப்புறம் அதிகமாக மூழ்குகிறது. இடப்புறம் நீரைவிட்டு எழுகிறது. எனவே மிதப்பு மையம் வலப்பக்கம் நகர்கிறது. ஈர்ப்பு மையமும் வலப்பக்கம் சற்று நகர்கிறது. இந்த ஓட்டத்தில் மிதப்பு மையம் முந்திக்கொண்டால், அது வெளிப்புறத்திலிருந்து மேல்நோக்கித் தள்ளிப் படகை நிமிர்த்திவிடும். ஈர்ப்பு மையம் முந்திக்கொண்டால்? 'தொப்'! கவிழவேண்டியதுதான். பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே 1746-இல் கப்பல்களைப் பற்றி எழுதிய நூலில் இந்தப் போட்டியைக் கணக்கிட்டுச் சொல்லும் வழியைக் காட்டினார்.

அவருடைய கணக்கிலிருந்து ஓர் அருமையான உண்மை கிடைக்கிறது. சாயும்போது படகின் உருவம் தரும் நிமிர்த்தும் ஆற்றல், அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. நீளமும் எடையும் மாறாமல் அகலத்தை மட்டும் 50 செ.மீ.யிலிருந்து 60 செ.மீ.க்குக் கூட்டினால், அந்த ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிறது. அகலம் இருமடங்கானால் அது எட்டு மடங்கு! வட்டமாகவும் அகலமாகவும் உள்ள ஒகேனக்கல் பரிசல் நீரோட்டத்தில் சுழன்றாலும் எளிதில் கவிழாமலிருப்பதன் காரணம் புரிகிறதல்லவா? அந்தப் பரிசலிலும்கூட, "யாரும் எழுந்து நிற்காதீர்கள்" என்று ஓட்டுபவர் எச்சரிப்பார். எழுந்து நின்றால் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடும். உயரத்திலுள்ள ஈர்ப்பு மையம் சிறு சாய்விலும் அதிக தூரம் நகரும்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு சிறிய, ஒடுக்கமான பிளாஸ்டிக் மருந்துப் பாட்டிலில் மணலை நிரப்பி மூடுங்கள். ஒரு வாளி நீரில் சோப்புப் பெட்டி ஒன்றை மிதக்கவிட்டு, பாட்டிலை அதன் நடுவில் படுக்க வையுங்கள். பெட்டியை விரலால் சற்றுச் சாய்த்துவிட்டால், ஆடி நிமிர்ந்துகொள்ளும். அதே பாட்டிலை நிறுத்தி வைத்துச் சாய்த்துப் பாருங்கள். எடை மாறவில்லை; பெட்டி மாறவில்லை; மாறியது ஈர்ப்பு மையத்தின் உயரம் ஒன்றே. ஆனால் முடிவு தலைகீழ்!

கயாக்கில் இருப்பவர் நிற்க முடியாது, உட்கார்ந்துதான் இருக்கிறார். ஆனாலும் அவருடைய தலை, கைகள், உடற்பகுதி ஆகியவை படகுக்கு மேலே இருக்கின்றன. 60 கி.கி. மனிதரில் இவை மட்டுமே சுமார் 40 கி.கி. இருக்கும். படகோடு சேர்ந்து இவரும் கம்பம் போல 15 பாகை சாய்ந்தால், இந்த 40 கி.கி. எடையின் மையம் ஏறத்தாழ 10 செ.மீ. விலகிவிடும். அதனால் ஏற்படும் கவிழ்க்கும் திருப்புத்திறன் 40 × 10 = 400 அலகுகள். (இங்கே ஓர் அலகு என்பது ஒரு கிலோகிராம் எடை ஒரு செ.மீ. தூரத்தில் தொங்கினால் வரும் திருப்புத்திறன்.) இந்த 400 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துடுப்பு தரும் அரை வினாடி

கயாக்கின் துடுப்புக்கு இரண்டு முனைகளிலும் தட்டையான பாகம் உண்டு. வலம், இடம் என மாறி மாறி வலிக்கலாம். இன்றைய துடுப்புகளில் இந்தத் தட்டையின் பரப்பு பெரும்பாலும் 700 சதுர செ.மீ. அளவில் இருக்கும். ஏறக்குறைய உங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் பரப்பு.

ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வாளியருகே மறுபடியும் வாருங்கள். தட்டைக் கிடையாகப் பிடித்து மெதுவாக நீரில் அழுத்துங்கள். எளிதாக இறங்கிவிடும். இப்போது சற்று வேகமாக அழுத்துங்கள். நீர் கல் போல எதிர்க்கும்! விளிம்பு கீழாக வைத்து இறக்கினால் எதிர்ப்பே இல்லாமல் கத்தி போல் நுழையும். நீரின் எதிர்ப்பு, தட்டின் பரப்போடு மட்டுமன்றி, வேகத்தின் இருமடியோடும் கூடுகிறது. வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு.

700 சதுர செ.மீ. தட்டை வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இறங்கினால் நீர் சுமார் 1 கி.கி. அளவுக்குத்தான் தாங்கும். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறங்கினால் சுமார் 4 கி.கி. தாங்கும். 40 கி.கி. உடலுக்கு 4 கி.கி. தாங்கல் எம்மாத்திரம் என்று கேட்கிறீர்களா? தூரத்தைக் கவனியுங்கள். துடுப்பின் தட்டை படகின் நடுவிலிருந்து சுமார் 1 மீட்டர், அதாவது 100 செ.மீ. தள்ளி இருக்கிறது. 4 × 100 = 400 அலகுகள்! நினைவில் வைத்திருந்த எண்ணும் இதுவே. நீளமான நெம்புகோலின் மகிமை இது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறங்கும் தட்டை, அரை வினாடியில் அரை மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். அதற்குப் பின் துடுப்பு செங்குத்தாகிவிடும், தாங்கல் தீர்ந்துவிடும். துடுப்பு ஒரு கைப்பிடிச் சுவரல்ல. அது தருவது அரை வினாடி நேரம் மட்டுமே. அந்த அரை வினாடிக்குள் படகை நிமிர்த்த வேண்டியது யார்?

இடுப்புதான் நிமிர்த்துகிறது

ஒரு பெஞ்சியின் மேல் கால்கள் தரையில் படாதபடி உட்காருங்கள். இப்போது வலப்புற இடுப்பை மட்டும் பெஞ்சியிலிருந்து மேலே தூக்குங்கள். உங்கள் தலை எந்தப் பக்கம் போகிறது? தானாகவே வலப்புறத் தோளை நோக்கிச் சாய்கிறதல்லவா? இனி, தலையை இடப்பக்கம் வளைத்துக்கொண்டே வலப்புற இடுப்பைத் தூக்கிப் பாருங்கள். எவ்வளவு முயன்றாலும் சரியாக வராது. வலப்புற விலாவின் தசைகள் சுருங்கினால்தான் வலது இடுப்பு எழும். அவை சுருங்கும்போது வலது தோளும் இடுப்பும் ஒன்றையொன்று நெருங்குகின்றன.

கயாக்கில் இடுப்பும் முழங்கால்களும் படகோடு இறுகப் பொருந்தியிருக்கும். இடுப்பு எப்படித் திரும்புகிறதோ அப்படியே படகும் திரும்பும். வலப்பக்கம் கவிழ்ந்துகொண்டிருக்கும்போது வலது முழங்காலை மேல்தட்டின் அடிப்புறத்தில் அழுத்தி, வலது இடுப்பைச் 'சடக்'கென்று தூக்கினால், படகு இடப்பக்கம் சுழன்று நிமிரும். தலையோ வலப்பக்கம், அதாவது தண்ணீரை நோக்கி, தாழும்.

பயந்தவர் என்ன செய்கிறார்? தலையை இடப்பக்கம் இழுக்கிறார். நியூட்டனின் மூன்றாம் விதியை நினைத்துக்கொள்ளுங்கள். உடலின் மேற்பாதியை இடப்பக்கம் சுழற்றும் தசைகள், கீழ்ப்பாதியை வலப்பக்கம் சுழற்றியே தீரும். கீழ்ப்பாதி என்பது இங்கே படகு. ஆகவே, தலையை எவ்வளவு வேகமாகத் தூக்குகிறாரோ அவ்வளவு வேகமாகப் படகைத் தமக்கு மேலே இழுத்துக் கவிழ்த்துக்கொள்கிறார்!

கயாக் கற்பிப்போர் எல்லாரும் சொல்லும் பாடம் இதுதான்: முதலில் இடுப்பு, பிறகு உடல், தலை கடைசியில்.

செய்முறை

கவிழாதிருக்க முதலில் கற்றுத்தரப்படும் உத்திக்கு ஆங்கிலத்தில் 'லோ பிரேஸ்' என்று பெயர். தமிழில் 'தாழ் ஊன்று' எனலாம். ஊன்றுகோலைத் தரையில் ஊன்றுவது போலத் துடுப்பை நீரின் மேல் ஊன்றுவதால் இந்தப் பெயர். ஆசிரியர் ஒருவர் துணை நிற்க, இடுப்பளவு ஆழமுள்ள அமைதியான நீரில் இதைப் பழக்குவார்கள்.

முதற்படி: படகில் பொருந்தி அமர்தல். பாதங்கள் முன்னுள்ள தாங்கியில் பட வேண்டும். முழங்கால்கள் மேல்தட்டின் அடியில் தொட வேண்டும். இருக்கையில் தொளதொளவென்று உட்கார்ந்தால் இடுப்பு சொல்வது படகுக்குக் கேட்காது.

இரண்டாம் படி: துடுப்பில்லாமல் இடுப்பை ஆட்டுதல். ஆசிரியரின் கையையோ கரையையோ பிடித்துக்கொண்டு, உடலை நேராக வைத்து, முழங்கால்களை மாற்றி மாற்றித் தூக்க வேண்டும். படகு தொட்டில் போல் ஆடும். மூக்கு மட்டும் படகின் நடுக்கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். உடல் கம்பம் போல் சாயாதவரை, அந்த 400 அலகு முழுதாகத் தலைதூக்காது.

மூன்றாம் படி: துடுப்பைப் பிடித்தல். துடுப்பை வயிற்றுக்கு முன்னால், படகுக்குக் குறுக்காக, தாழ்வாகப் பிடிக்க வேண்டும். முழங்கைகள் துடுப்புக்கு மேலேயும், விரல் மொளிகள் நீரை நோக்கியும் இருக்க வேண்டும். தரையில் தண்டால் எடுப்பவரின் கைகளைப் போல என்று சொன்னால் எளிதில் புரியும். இந்த நிலையில் தட்டையின் பின்புறம் நீருக்கு மேல் கிடையாக இருக்கும்.

நான்காம் படி: வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்து, சாய்கிற பக்கத்தில் தட்டையால் நீரை அறைதல். 'பளார்' என்ற ஓசை கேட்டால் தட்டை கிடையாக விழுந்தது என்று பொருள். 'சளக்' என்றால் விளிம்பு முந்திக்கொண்டது என்று பொருள்.

ஐந்தாம் படி: அறைந்த அதே கணத்தில் சாய்ந்த பக்க முழங்காலைத் தூக்கி, இடுப்பை வெட்டி, தலையைத் துடுப்பை நோக்கித் தாழ்த்துதல். துடுப்பின் தட்டையையே கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். கண் கீழே பார்த்தால் தலை மேலே போகாது!

ஆறாம் படி: படகு நிமிர்ந்ததும் மணிக்கட்டைத் திருப்பி, தட்டையின் விளிம்பு மேலாக, கத்தியை உருவுவது போல எடுத்தல். கிடையாகவே தூக்கினால், நீர் இம்முறை கீழ்நோக்கி இழுத்து உங்களைக் கவிழ்த்துவிடும்.

எல்லாப் படிகளிலும் கைகள் தாழ்ந்தும் முழங்கைகள் மடிந்தும் இருக்க வேண்டும். கையை நீட்டி உயர்த்தி ஊன்றினால், நீரின் தள்ளல் முழுவதும் தோள் மூட்டில் விழும். மூட்டு நழுவிவிடும் ஆபத்து உண்டு. ஆரம்பத்தில் இருபது முறை செய்தால் பாதி முறை நனைவார்கள். பழகப் பழக, யோசிக்காமலே கை அறையும், இடுப்பு வெட்டும்.

அலையும் ஆறும்

அமைதியான நீரில் பழகியபின் இன்னொரு கேள்வி எழும். அலை பக்கவாட்டில் வந்து மோதினால் எந்தப் பக்கம் சாய்வது? அலையைக் கண்டு விலகி, கரைப்பக்கம் சாயவே மனம் சொல்லும். சாய்ந்தவர் கவிழ்வார். நுரைத்து உடையும் அலை படகைப் பக்கவாட்டாகக் கரையை நோக்கித் தள்ளுகிறது. கரைப்பக்க விளிம்பு தாழ்ந்திருந்தால் அது எதிரிலுள்ள நீரில் தடுக்கிக்கொள்ளும். ஓடுகிறவன் கால் கல்லில் தடுக்கியது போலப் படகு குப்புற விழும். ஆகவே, அலையின் பக்கமே சாய்ந்து, அலையின் மேலேயே துடுப்பை ஊன்ற வேண்டும்.

ஆற்றிலோ இது வேறு மாதிரித் தெரியும். அசையாத நீரிலிருந்து படகு வேகமான நீரோட்டத்துக்குள் நுழையும்போது, நீர் வருகிற பக்க விளிம்பு தாழ்ந்திருந்தால் நீர் மேல்தட்டில் ஏறிப் படகைப் புரட்டும். எனவே நீர் ஓடிச் செல்லும் திசைப்பக்கம் சாய வேண்டும். அலைக்கு எதிராகச் சாய், நீரோட்டத்தோடு சாய். ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே? இல்லை. இரண்டிலும் விதி ஒன்றுதான். தன்னைச் சூழ்ந்துள்ள நீரோடு ஒப்பிடும்போது படகு எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்தப் பக்க விளிம்பை உயர்த்த வேண்டும். படகுத்துறைப் பேச்சில் இரண்டு விதிகள். சார்பு இயக்கத்தின் பார்வையில் ஒரே விதி!

கவிழ்ந்த பிறகும் அதே பாடம்

எவ்வளவு பழகினாலும் ஒருநாள் படகு கவிழத்தான் செய்யும். கிரீன்லாந்து வேட்டைக்காரர் தோல் சட்டையைப் படகின் வாய் வளையத்தோடு இறுகக் கட்டியிருப்பார். உள்ளே நீர் புகாது. தலைகீழாகத் தொங்கும் அவர் துடுப்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து அழுத்தி, இடுப்பை வெட்டி, படகோடு சேர்ந்து உருண்டு மேலே வருவார். துடுப்பு கைநழுவிப் போனால், ஈட்டி எறிய உதவும் சிறு பலகையால் உருள்வார். அதுவும் இல்லையென்றால் வெறுங்கையால் உருள்வார். கிரீன்லாந்தில் நடைபெறும் கயாக் போட்டிகளில் முப்பதுக்கும் மேற்பட்ட வகை உருளல்களை இன்றும் செய்து காட்டுகிறார்கள்.

இங்கும் தலை கடைசியில்தான் எழ வேண்டும். ஏன் தெரியுமா? மனிதத் தலையின் எடை ஏறத்தாழ நாலரை கி.கி. நீருக்குள் இருக்கும்வரை நீரே அதைச் சுமக்கிறது. ஏறக்குறைய எடையே இல்லை எனலாம். நீருக்கு வெளியே தூக்கிய கணமே அந்த நாலரை கி.கி.யும் திரும்பி வந்துவிடும். அப்போது தலை படகின் நடுவிலிருந்து சுமார் 75 செ.மீ. தள்ளியிருக்கிறது. பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 340 அலகுகள்! துடுப்பு தரும் 400-இல் பெரும்பகுதியைத் தலை ஒன்றே விழுங்கிவிடுகிறது. மூச்சுக்காகத் தலையைத் தூக்குபவர் அந்த மூச்சையே இழக்கிறார். தலையை நீரில் விட்டுவைப்பவருக்கு அரை வினாடி தாமதமாக மூச்சு கிடைக்கிறது; ஆனால் உறுதியாகக் கிடைக்கிறது.

இந்த உருளலை முதன்முதலில் கைவரப்பெற்ற ஐரோப்பியராகக் கருதப்படுபவர் ஆஸ்திரியரான ஹான்ஸ் எடுவார்ட் பவ்லாட்டா. வடதுருவப் பயணிகள் எழுதி வைத்திருந்த விவரங்களைப் படித்து, தம் நாட்டு ஏரியொன்றில் விடாமல் முயன்று, 1927-இல் வெற்றி கண்டார். இன்றும் ஒரு வகை உருளலுக்கு அவர் பெயரே வழங்குகிறது.

இன்னொருவர் கதை துயரமானது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜினோ வாட்கின்ஸ், 1930-31-இல் கிரீன்லாந்து சென்ற ஆய்வுக் குழுவின் இளம் தலைவர். அங்குள்ள மக்களிடமே கயாக் ஓட்டவும் உருளவும் கற்று, அதில் தேர்ச்சியும் பெற்றார். 1932-இல் மீண்டும் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 20 அன்று சீல் வேட்டைக்குக் கயாக்கில் தனியாகப் போனார். தோழர்கள் தேடிச் சென்றபோது ஆளில்லாத கயாக் மட்டும் நீரில் கிடந்தது. அவர் உடல் கிடைக்கவே இல்லை. அவருக்கு வயது 25. உத்தி தெரியாதவரல்லர் அவர். அன்று அவருக்கு இல்லாதிருந்தது ஒன்றே: பக்கத்தில் இன்னொரு படகு.

உங்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படித்துவிட்டு யாரும் கிணற்றிலோ குட்டையிலோ சோதிக்கக் கூடாது. வாளியும், தட்டும், பெஞ்சியும் போதும். கயாக் ஓட்டும் வாய்ப்பு எப்போதாவது கிடைத்தால், இவற்றை மறவாதீர்கள். நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் அணிந்து, அதன் வார்களை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். கவிழ்ந்த படகிலிருந்து வெளியேறும் முறையை எல்லாவற்றுக்கும் முன்பாக ஆசிரியரிடம் கற்றிருக்க வேண்டும். தனியாக ஒருபோதும் போகக் கூடாது. வாட்கின்ஸ் போன்ற வல்லவருக்கே பொருந்திய விதி நமக்குப் பொருந்தாமல் போகுமா?

சைக்கிளுக்குத் திரும்புவோம். விழுகிற பக்கமே திருப்பு என்று அன்று கேட்டபோது நம்பமுடியவில்லை. இன்று நீங்கள் அதை யோசிப்பதுகூட இல்லை. கை தானாகவே திருப்புகிறது. பனிக்கடல் ஓரத்தில் தந்தையருகே கயாக்கில் ஆடிக்கொண்டிருந்த இனுயிட் சிறுவனுக்கும் அப்படித்தான். திருப்புத்திறன் என்ற சொல்லை அவன் கேட்டதில்லை. ஆனால் இடுப்பு முந்தி, தலை பிந்தி என்பதை அவன் உடல் அறிந்திருந்தது. காரணத்தையும் சேர்த்து அறிந்துகொண்ட நமக்கு, அதை நம்பிப் பழகுவது இன்னும் எளிதல்லவா?